வெள்ளைக் காருக்கு ஒரு மரம்

வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்விட்டுப் பத்தாம் நாள் காலையில் மௌரீன் வீட்டுக் கேட்டைத் திறந்தபோது உள்ளே மண்ணைக் காணவில்லை. கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் பளபளவென்று சிமெண்ட் போட்டிருந்தது. அதன்மேல் புத்தம்புதிதாக ஒரு வெள்ளைக் கார். கண்ணாடிக்குப் பின்னால் ஜெபமாலை தொங்கியது.

"வா அக்கா. எப்படிக்கீது வண்டி?" என்றான் தம்பி நோயல், துணியால் பானட்டைத் துடைத்துக்கொண்டே.

மௌரீனுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. கையில் மாதா கோயில் எண்ணெய் பாட்டில், தோளில் பை, பைக்குள் தெருவுக்கெல்லாம் கொடுக்கப் பொரியும் பேரீச்சம்பழமும். அவள் காரைப் பார்க்கவில்லை. காரின் முன்சக்கரம் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கேதான் அவளுடைய ரோஜாக்கள் இருந்தன.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் கோபம் யாருக்கும் புரியாது. நீலசந்திராவை ஒட்டி விவேக்நகரில் ஒரு சந்தில் அப்பா கட்டிய வீடு. அம்மா போன பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். இடது பாதி கல்யாணமாகாத மௌரீனுக்கு, வலது பாதி நோயலுக்கும் அவன் மனைவி கேரலுக்கும். முன்னால் பத்துக்குப் பதினாறு அடி முற்றம் இரண்டு பேருக்கும் பொது என்று பத்திரம் சொன்னது. ஆனால் படுக்கையில் கிடந்த அம்மா சொன்னது வேறு. "முன்னாடி மண்ணு மௌரீனுக்கு. அவளுக்குப் புள்ளையா குட்டியா, செடியாவது இருந்துட்டுப் போவட்டும்." நோயல் பக்கத்தில் நின்று நன்றாகத் தலையாட்டினான். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் மௌரீன். கையெழுத்தில்லாத ஒரு துண்டுச் சீட்டைக்கூட மேஜையைத் தாண்ட விட்டவளில்லை. தம்பியிடம் மட்டும் எழுதி வாங்கவில்லை. தம்பியிடம் போய் யார் எழுதி வாங்குவார்கள்?

அந்தப் பத்துக்குப் பதினாறில் அவள் ஒரு வருடத்தையே வளர்த்து வைத்திருந்தாள். முதல் கோடை மழை விழுந்த கையோடு மே மாதத்தில் பந்து பந்தாகச் சிவப்பு லில்லி வெளியே வரும். ஜூன், ஜூலைச் சாரலில் செடிகளைக் கவாத்து பண்ணி, எரு வைத்து, பதியன் போடுவாள். அக்டோபர் ஜெபமாலை மாதம் முழுக்க மாதா சுரூபத்துக்குக் கடைப்பூ வாங்கியதே கிடையாது. பனி இறங்கிவிட்டால் டிசம்பர் பூ ஊதாவும் வெள்ளையுமாக, அதற்குப் பின்னால் டேலியா. ரோஜா எல்லா மாதமும். நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. சாயங்காலம் நாலு மணிக்கு டீயோடு அதில் உட்கார்ந்தால், தெருவில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் "அப்புறம்" என்பாள். அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது அந்த ஒரு மணி நேரம்தான்.

"எங்கடா என் செடிங்க?"

"பொது இடம்தானே அக்கா. பத்திரத்துல பாரு. வண்டியை ரோட்ல வுட்டா எவனாவது கீறிட்டுப் போறான். தொட்டி வாங்கித் தர்றேன், மாடியில வெச்சுக்கோ."

"அம்மா சொன்னாங்களே?"

"அம்மா ஆயிரம் சொல்லுவாங்க."

கேரல் வாசலில் நின்று உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மௌரீன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பொரியைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். தம்பி வீட்டைத் தாண்டிப் போனாள்.

வக்கீலிடம் போகலாம்தான். பத்திரத்தைப் பார்த்தால் வக்கீல் சிரிப்பார். அவளுக்கு நியாயமும் வேண்டியிருக்கவில்லை அந்த நேரத்தில். நோயல் வயிறு எரிய வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் எரிய வேண்டும். அப்படி எரியும்போது தன் பெயர் அவன் வாயில் வர வேண்டும். மண் திரும்பி வருவதெல்லாம் அதற்கப்புறம்.

வழியை நோயலே காட்டிக் கொடுத்தான். தண்ணீர்க் குழாய் ஓடுகிறதென்று மேஸ்திரி காம்பவுண்டு சுவரோரமாக இரண்டடி மண்ணைச் சிமெண்ட் போடாமல் விட்டிருந்தார். எதிர்வீட்டுக் கன்னடக்கார லட்சுமம்மா முன்னாலேயே நோயல் பெரிய மனது பண்ணிச் சொன்னான்: "அந்த இடம் உனக்குத்தான் அக்கா. என்ன வேணா நட்டுக்கோ. நான் கேக்கவே மாட்டேன்."

"கேட்டீங்களா லட்சுமம்மா?" என்றாள் மௌரீன்.

"கேட்டேன் கேட்டேன்" என்றார் லட்சுமம்மா, விஷயம் தெரியாமல்.

மௌரீன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு கசகசா பழ மரம் இருந்தது. கோலிக்குண்டு அளவுக்குச் சிவப்புப் பழம், நசுக்கினால் உள்ளே கசகசா மாதிரி விதையும் சர்க்கரைப் பாகும். அதன் கீழே ஹெட்மிஸ்ட்ரஸின் கார். முப்பத்தொரு வருடத்தில் நாலு ஹெட்மிஸ்ட்ரஸ் மாறினார்கள். நாலு பேரும் அந்த மரத்தைத் திட்டிக்கொண்டே ரிட்டயர் ஆனார்கள். பகலில் கிளியும் கொண்டைக்குருவியும், இருட்டினால் வௌவால். தின்பதெல்லாம் கிளையில், கழிவதெல்லாம் காரில். பென்ஷன் பேப்பர் சாக்கில் மௌரீன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சுவர் இடுக்கில் குருவி போட்ட விதையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கன்று முளைத்திருந்தது. பால் கவரில் ஈரமண்ணோடு அதை வாங்கிவந்து, காரின் தலைக்கு நேரே வரும்படி அளந்து நட்டாள்.

இவ்வளவு ஆசையாக அவள் ரோஜாவைக்கூட வளர்த்ததில்லை. பனிக்காலத்தில் சாக்கு போட்டு வேரை மூடினாள். மார்ச் வெயிலில் அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர். அடுத்த ஜூன் மழைக்கு அது கேட்டைத் தாண்டியது. பக்கக் கிளைகளில் தெருப்பக்கம் போனதையெல்லாம் கிள்ளிவிட்டாள், கார் பக்கம் போனதை விட்டுவிட்டாள். கவாத்து தெரிந்த கை அல்லவா!

"நல்லா நெழல் வருது அக்கா" என்று நோயல்கூடப் பாராட்டினான்.

"இன்னும் வரும்" என்றாள் மௌரீன்.

இரண்டாம் வருடம் மழை விட்டதும் காய்த்தது. பிறகு நிற்கவே இல்லை. விடிந்து நோயல் வெளியே வந்தால் வெள்ளைக் கார் வெள்ளையாக இருக்காது. பழம் விழுந்து பிசுபிசுத்த இடத்தில் எறும்பு வரிசை, அதன்மேல் வௌவால் எச்சம், அதன்மேல் காய்ந்த இலை. கவர் வாங்கிப் போட்டான். கவரைத் துவைக்கும் வேலை கேரலுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் அதில் தினம் சண்டை. சுவருக்கு இந்தப் பக்கம் மௌரீன் காபி ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புளித்த வாடை அடிக்கும் காரில் கேரல் ஏறமாட்டேன் என்று ஆட்டோ பிடித்தாள். அன்றைக்கு மௌரீன் பாயசம் வைத்தாள்.

தவக்காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். தம்பியோடு பேசுவதில்லை என்பதை மட்டும் சொன்னாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. கூடப் பொறந்தவர்தானே" என்றார் சாமியார்.

"சிமெண்டை ஒடைக்கச் சொல்லுங்க ஃபாதர், அடுத்த நிமிஷம் மன்னிக்கிறேன்."

"மன்னிப்புக்குக் கண்டிஷன் போடக்கூடாதும்மா."

மரத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. மரம் நட்டதைப் பாவம் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? பரிகாரத் தபசாகப் பத்து அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார் சாமியார். மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொல்லி முடித்தாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம், அவள் காலைப் பூசையில் இருந்த நேரத்தில் நோயல் ஒரு ஆளைக் கத்தியோடு கூட்டிவந்தான். லட்சுமம்மா கோயில் வாசலுக்கே ஓடிவந்தார். "பேக பன்னி, சீக்கிரம் வாங்க மௌரீனம்மா! உங்க மரத்தை வெட்றாங்க!" மௌரீன் முக்காட்டோடு சந்துக்குள் நுழையும்போது ஒரு கிளை போயிருந்தது. அவள் கத்தவில்லை. மாநகராட்சியின் மரப் பிரிவுக்குப் போன் போட்டாள். அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். எந்தச் சட்டப்பிரிவு என்பதைக்கூட அவள் எழுதி வைத்திருந்தாள்.

ஸ்ரீஹர்ஷா என்று ஒரு இளவயது அதிகாரி வந்தார். தெருவே கூடி நின்றது. வெட்டப்பட்ட கிளையைப் படம் எடுத்துக்கொண்டு, நோயலிடம் அபராதச் சீட்டை நீட்டினார்.

"இவங்க வேணும்னே நட்டாங்க சார்! என் காருக்குன்னே நட்டாங்க!"

"யாருக்காக நட்டாலும் மரம் மரம்தான் சார்" என்றார் அதிகாரி. "பேகாதரெ, வேணும்னா, வெட்டறதுக்கு மனு போடுங்க. மரத்துல நோட்டீஸ் ஒட்டுவோம். யாரும் ஆட்சேபணை சொல்லலன்னா பார்க்கலாம்."

நோயல் அன்று அவமானத்தில் சிவந்து உள்ளே போனவன் நாலு நாள் கழித்து மௌரீன் கதவைத் தட்டினான். அவள் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா. போதும் அக்கா. சிமெண்டை எடுத்துடறேன். வண்டியைக் கோயில் பக்கம் வாடகைக்கு எடம் புடிச்சு வுட்டுக்கறேன். மண்ணு உனக்கே. எழுதிக்கூடத் தர்றேன். மரத்துக்கு மனு போடறேன், நீ ஆட்சேபணை சொல்லாத. கேரலுக்கு அதைப் பார்த்தாலே பிரஷர் ஏறுது."

மூன்று வருடத்தில் அவன் அவளை அத்தனை தடவை அக்கா என்று கூப்பிட்டதில்லை. மௌரீனுக்கு உள்ளே குளிர்ந்தது, அதை மறைக்கவும் இல்லை. "மொதல்ல எழுது. அப்புறம் ஒடை. ஒன் கையால ஒடை" என்றாள். எழுதி, லட்சுமம்மாவைச் சாட்சி போட வைத்தான்.

ஆள் வைத்து உடைக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். ஆகாது என்றுவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில், தொப்பையோடு, பெரிய சம்மட்டியை வாடகைக்கு எடுத்துவந்து இரண்டு நாள் உடைத்தான். அவள் பிரம்பு நாற்காலியை வாசல்படியில் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். நியாயமாக அவள் அப்போது வாக்கைக் காப்பாற்றுவதாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லியாக வேண்டும். மரம் போகட்டும், வெயில் வரட்டும், கார்த்திகை பிறப்பதற்குள் டேலியா கிழங்கு வாங்கலாம் என்று மனதுக்குள் பாத்தி பிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் வாசல்படியை ஒட்டிய சிமெண்ட் பாளம் பெயர்ந்தது. அடியில் கறுப்பாக ஏழெட்டுக் குச்சிகள் நின்றன. குனிந்து பார்த்தாள். அவளுடைய ரோஜாக்கள். பிடுங்கி எறிந்திருப்பான், யாருக்காவது கொடுத்திருப்பான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பிடுங்கக்கூட இல்லை. நாலு விரல் உயரத்தில் வெட்டிவிட்டு, வேரோடு உயிரோடு நின்றதன்மேல் சிமெண்டை ஊற்றியிருக்கிறான். ஒரு குச்சியில் வெளிறிப்போய் இரண்டு விரல் நீளத்துக்குத் துளிர் விட்டு, மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் படுத்துச் செத்திருந்தது.

"பிடுங்கறதுக்கு என்னடா?" என்றாள்.

"மேஸ்திரி டைம் இல்லன்னாரு அக்கா" என்றான் நோயல், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அவள் அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுதாள். பிறகு முகம் கழுவினாள்.

மரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபணைக்குப் பத்து நாள். நோயல் தினமும் வந்து அந்தக் காகிதம் காற்றில் பிய்ந்துவிடவில்லையே என்று பார்த்துவிட்டுப் போனான். ஒன்பதாம் நாள் மௌரீன் கடைத்தெருவில் டைப் அடிக்கக் கொடுத்தாள். முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்டர்களுக்குக் கடிதம் எழுதிப் பழகிய கை. மரம் ஆரோக்கியமாக இருக்கிறது, பறவைகளுக்கு ஆகாரம் தருகிறது, சுவருக்கோ குழாய்க்கோ சேதமில்லை, மனுதாரர் ஏற்கெனவே அபராதம் கட்டியவர், அவருடைய கார் இப்போது அங்கே நிற்பதுமில்லை, ஆகவே வெட்டக் காரணம் எதுவும் இல்லை. இணைப்பு: நிலம் எனக்கென்று மனுதாரர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல். ஒற்றைக் கமா கூடத் தப்பில்லை. மனு தள்ளுபடியானது.

நோயல் சந்து அதிரக் கத்தினான். "வார்த்தை குடுத்தியே! நீயெல்லாம் தினம் பூசைக்குப் போயி நன்மை வாங்குறியே!"

"ஒன் வார்த்தை சிமெண்டுக்கு அடியில கெடந்துதுடா. இப்ப என் வார்த்தையும் அப்படித்தான்" என்றாள் மௌரீன். இரண்டு வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன.

ஓசூர் பக்கத்திலிருந்து செம்மண் வந்தது, எரு வந்தது, ரோஜாப் பதியன் பன்னிரண்டு வந்தது. ஜூன், ஜூலை போயிற்று. டிசம்பரும் வந்தது. மரம் முற்றம் முழுக்கக் கிளை விரித்துவிட்டது. ரோஜாக்கள் வெயிலைத் தேடி ஒட்டடைக்கம்பாக நெளிந்து வளர்ந்தன, ஒரு மொட்டு வைக்கவில்லை. டேலியா முளைத்து இலையோடு நின்றுவிட்டது. டிசம்பர் பூ நாலே நாலு பூத்தது. மாதாவுக்கு அவள் கடைப்பூ வாங்கினாள். பூக்காரி "என்னம்மா, இந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மௌரீன் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு நடந்தாள். மரத்தை வெட்ட அவளே ஒரு மனு எழுதினால் போதும். மரம் அவளுடையது, இடம் அவளுடையது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து, இரண்டு தடவையும் பேனாவை மூடினாள்.

நாலு மணிக்கு டீயோடு நாற்காலியில் உட்காருவதை மட்டும் அவள் விடவில்லை. மேலிருந்து சொத்சொத்தென்று பழம் விழும், எச்சம் விழும். அதனால் குடையை விரித்துப் பிடித்துக்கொள்வாள். ஜனவரி மாதம், துளி மேகமில்லாத வானம், தன் சொந்த முற்றத்தில் குடை பிடித்து உட்கார்ந்து ஒருத்தி டீ குடித்தால் தெருவில் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

நோயலும் பார்த்தான். எட்டு மாதமாகப் பேசாதவன், அன்று தன் படியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"அக்கா, இன்னொரு மனு போடட்டுமா? உனக்காகத்தான்."

மௌரீன் குடையைச் சற்றுத் தூக்கி அவனைப் பார்த்தாள். காலடியில் பன்னிரண்டு ரோஜாச் செடிகள் மொட்டில்லாமல் நின்றன.

"போடு" என்றாள். "நான் ஆட்சேபணை சொல்லுவேன்."

ஆறிப்போன டீயை ஒரே வாயில் குடித்து முடித்தாள்.