லிஃப்ட் குழியிலிருந்து வந்த பூனை

என் அக்கா லிஃப்ட் மெக்கானிக். இதைச் சொன்னால், "ஆபீஸ்ல உட்கார்ந்து பார்க்கிற வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிற வேலை. கம்பெனியில் அவளை "ஸ்பானர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் கேலிக்கு வைத்த பெயர். இப்போது அவசரத்துக்குக் கூப்பிடுகிற பெயர்.

அவளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். நாலாவது மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அந்தப் பட்டத்தோடு எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன். அவள் பள்ளியோடு நிறுத்திவிட்டுத் தொழிற்பயிற்சிக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போக முடிந்தது. யாரும் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

ஒரு நாள் மதியம் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே ஒரு சாம்பல் நிறப் பூனை, கண் திறந்து சில நாளே ஆன மூன்று குட்டிகள். ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட் குழியில், எண்ணெய் துடைத்துப் போட்ட பஞ்சுக் குவியலில் ஈன்றிருந்தது. பக்கச் சுவரில் இருந்த வடிகால் ஓட்டை வழியாக வந்துபோயிருக்கிறது.

"குட்டிங்களைப் பெட்டியில போட்டேன், அதுவே பின்னாடி ஏறி வந்துடுச்சு. வளர்ற வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கட்டும். ஓட்டைக்கு வலை அடிச்சுட்டேன், இனிமே அங்க போகாது" என்றாள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு குழந்தையோட நிறுத்திக்கலாம்னு சொன்னது யாரு? ஒரே நாள்ல நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கே!"

"சும்மா பேசிட்டு நிக்காம பழைய போர்வை எடுத்துட்டு வாங்க."

துணி காயப்போடும் சின்ன அறையைப் பூனைக்குக் கொடுத்தோம். அக்கா மறுபடி வேலைக்குப் போனதும் நான் போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தாய்ப்பூனைக்கு என்ன சாப்பாடு, குட்டிகளுக்கு எவ்வளவு சூடு, என்றைக்கு எடை பார்க்க வேண்டும். நாற்பது பக்கமாவது படித்திருப்பேன். ஒரு நோட்டில் குறித்தும் வைத்தேன்.

பூனை சாப்பாட்டைத் தொடவில்லை. குட்டிகளுக்குக் கொஞ்சம் பால் கொடுக்கும், எழுந்துவிடும். கதவைப் போய்ப் பிராண்டும். அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் கொடுக்கும், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். திரும்பி வந்து குட்டிகளை ஒவ்வொன்றாக முகரும். மறுபடி கதவு.

இடம் மாறிய தாய்ப்பூனை மிரளும், இருட்டாக வைத்து, கதவைச் சாத்தி, தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்று படித்திருந்தேன். ஜன்னலில் துணி கட்டினேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்தவுடன், "ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டாள்.

"புது இடம்ல, ஸ்ட்ரெஸ்க்கா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"நீ படிச்சவ, சொன்னா சரிதான்" என்றாள். அதில் கேலி துளியும் இல்லை. உண்மையிலேயே நம்பினாள்.

இரவு முழுக்க அந்தப் பிராண்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. பழகிவிடும் என்று தலையணையைக் காதில் வைத்துக்கொண்டேன்.

காலையில் குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே அக்கா அந்த அறை வாசலில் உட்கார்ந்தாள். பூனை களைத்துப்போய் ஒருக்களித்துக் கிடந்தது. மூன்று குட்டிகளும் குடித்துக்கொண்டிருந்தன.

"இங்க வாயேன்."

போனேன்.

"குட்டி வாய் வெச்ச இடத்தைப் பாரு. முடி உதிர்ந்து, சிவந்து இருக்கில்ல? எண்ணு."

எண்ணினேன். நான்கு காம்புகளைச் சுற்றி முடி இல்லை. மற்றவை முடிக்குள் புதைந்து கிடந்தன. நான்கில் ஒன்று மட்டும் புடைத்து மினுமினுத்தது. அக்கா ஒரு விரலால் தொட்டாள். பூனை சீறியது.

"கல்லு மாதிரி இருக்கு. கொதிக்குது. போன வாரம் ரெண்டு வேளை பால் கொடுக்க முடியாம எனக்கும் இப்படித்தான் கட்டிக்கிச்சு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். முகத்தில் ஈயாடவில்லை. "அடிப்பாவி. குட்டிக்கு ஒண்ணுன்னா இதுல யாரு குடிச்சது? இன்னொண்ணு இருக்குடி. குழியில இருக்கு."

அந்த லிஃப்ட் நேற்று மதியத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தாய் திரும்பிப் போகிற வழியை அக்கா வலையடித்து மூடினாள். தாய் வெளியே போகிற வழியை நான் தாழ் போட்டு மூடினேன். அது ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது.

குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் போனோம்.

வாசலில் காவலாளி சிரித்தார். "என்ன மேடம், தங்கச்சியையும் வேலைக்குச் சேர்த்தாச்சா?" அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். லிஃப்ட் அப்போதுதான் கீழே வந்து நின்றது. காய்கறிப் பையோடு ஏறப்போன ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "ஒன்பது மாடி நடக்கணுமாம்மா?" என்று அவர் கேட்டது அவள் காதில் விழவேயில்லை.

லிஃப்ட் பெட்டியை இரண்டாம் மாடிக்கு அனுப்பி நிறுத்தினாள். கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். எச்சரிக்கைப் பலகையை மாட்டினாள். ஒவ்வொன்றும் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

"இறங்குக்கா! ஏன் நிக்கிறே?"

"வாயை மூடு. சுவிட்சை அணைக்காம இறங்கினா என்னையும் சேர்த்துத்தான் எடுக்கணும்."

கையை நீட்டிக் குழிக்குள் இருந்த சிவப்பு சுவிட்சை அழுத்தினாள். சரிபார்த்தாள். பிறகுதான் ஏணியில் கால் வைத்தாள். அவள் வேலை செய்வதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

பஞ்சைக் கிளறினாள். ஒன்றும் இல்லை. மூலைகளில் டார்ச் அடித்தாள். ஒன்றும் இல்லை.

"செத்தா நாத்தமாவது வரும்" என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு டார்ச்சை ஒரு பக்கமாகத் திருப்பி, அப்படியே நின்றாள். லிஃப்ட் மேலே போகும்போது கீழே இறங்குகிற இரும்பு எடை அந்தப் பக்கம் வரும். அதை மறைத்து ஒரு தகடு. தகட்டுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. நேற்று டார்ச் வெளிச்சத்துக்குப் பயந்து குட்டி அதன் வழியாக ஊர்ந்து போயிருக்கிறது.

நான்கு போல்ட்டுகளைக் கழற்றினாள். எடை வந்து நிற்கும் இடத்துக்கு நேர் கீழே, அதைத் தாங்கும் ஸ்பிரிங்கை ஒட்டி, கிரீஸ் அப்பிய ஏதோ ஒன்று கிடந்தது. பஞ்சு என்று நினைத்தேன். அவள் கையில் எடுத்தபோது அதற்கு வால் இருந்தது.

"உயிர் இருக்கா?"

"தெரியல. சில்லுன்னு இருக்கு."

சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். பாலுக்கு ஓடலாம் என்று திரும்பினேன். சட்டென்று நான் படித்தது ஞாபகம் வந்தது: உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்றும் படித்ததைத்தானே சொன்னேன்? ஆனாலும் சொன்னேன்.

"நிச்சயமா?" என்றாள்.

"நிச்சயம்க்கா."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு காவலாளியின் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அவர் தன் பிளாஸ்கிலிருந்த வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"நான்தானே கதவைச் சாத்தினேன்" என்றேன்.

"நான்தானே வலை அடிச்சேன். அடிச்சுட்டு, நல்லா அடிச்சோம்னு போட்டோ வேற எடுத்தேன்." அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டே வந்தது. பால். "இது ஒண்ணு. எவளோ பெத்ததுக்கு இங்க சுரக்குது."

சிரிக்க வேண்டிய பேச்சு. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பிராண்டுது" என்றாள். சட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். கறுத்த முகத்தில் சிவப்பாக ஒரு வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

வீட்டில் பூனை அந்தக் கதவருகேயே நின்றிருந்தது. அக்கா குனிவதற்குள் குட்டியைக் கவ்விக்கொண்டு போர்வைக்குள் போனது. எண்ணெய், கிரீஸ் எதையும் பார்க்காமல் நக்கப் போனதைத் தடுத்து, நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அது என்னைப் பார்த்துச் சீறவில்லை. குட்டி மற்ற மூன்றின் தலைமேல் ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, புடைத்திருந்த அந்தக் காம்பைத் தேடிப் பிடித்தது.

பூனை தலையைச் சாய்த்தது. அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டது. கதவு திறந்தே கிடந்தது.

மாமா அழுகிற குழந்தையோடு வந்து நின்றார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். நீட்டிய கை உதறியது. ஏணியில் ஒரு படி தவறாத கை. நான்கு போல்ட்டை நழுவவிடாமல் கழற்றிய கை. அவளே அதை அதிசயமாகப் பார்த்தாள்.

"என் கை நிக்கல பாரு. நீ பிடிச்சுக்கோடி."

குழந்தையை வாங்கி, அவள் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அது குடித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.