அங்கிள் என்றால் யார்?

அப்பாவின் தம்பி, அம்மாவின் அண்ணன், அத்தை புருசன், எதிர்வீட்டில் பேப்பர் படிக்கிறவர் எல்லாரும் இங்கிலீஷ்காரனுக்கு ஒன்றுதான். அங்கிள். அந்த மொழியை அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சோறு தின்கிறேன் என்பதால் இந்தப் புகாரை வெளியில் சொன்னதில்லை. ஒரு சீனக் கதையைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சீனாவில் மருத்துவம் முடித்துவிட்டு வந்தாள். இப்போது புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். திரும்பி வந்த புதிதில் என்னைப் பார்க்க வந்தவள் டீத்தூள் கொண்டுவருவாள் என்று பார்த்தால், தடியாக ஒரு புத்தகத்தை நீட்டினாள். இப்போதைய சீன எழுத்தாளர்களின் அறிவியல் சிறுகதைகள், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில். ராக்கெட்டும் ரோபோவும் எனக்கு எதற்கு என்று அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு கோடை விடுமுறையில் கரண்ட் இல்லாத மத்தியானத்தில் எடுத்தேன். ராக்கெட் இருந்தது. ஆனால் ராக்கெட்டில் இருந்தவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் அல்லாடினார்கள். ரோபோ இருந்தது. அது படுத்த படுக்கையாக இருந்த ஒரு மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி, நன்றாகத் திட்டும் வாங்கியது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிடித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதில் ஒரு கதையைத் தமிழில் செய்யத் தொடங்கினேன். புதுக்கோட்டையில் சிற்றிதழ் நடத்துகிற ஒருவர், முறைப்படி அனுமதியும் வாங்கி, போடுவதாகச் சொன்னார். பள்ளியில் உடன் வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் கேட்டார், "சீனாக்காரன் கதைய இங்கிலீஷ்ல படிச்சுத் தமிழ்ல எழுதுறீங்களா? இந்தா பக்கத்துல இருக்க கொடும்பாளூர் போறதுக்கு மெட்ராஸ சுத்திப் போவீங்க போல டீச்சர்." சுற்றித்தான் போகிறேன். வேறு பஸ் இல்லை.

அந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர் யாரோ எவரோ, ஒரு விதத்தில் நல்ல மனிதர். கொழுக்கட்டை மாதிரி ஒரு பலகாரம் வந்தால் அடிக்குறிப்பு. சந்திரனைப் பார்த்துக் கும்பிடும் பண்டிகை வந்தால் அடிக்குறிப்பு. ஒரு பழைய அரசர் பெயருக்கு அரைப் பக்கம். ஆனால் கதையே யாரைச் சுற்றி நடக்கிறதோ அந்த ஆளுக்கு ஒன்றும் கிடையாது. வெறும் அங்கிள். கொழுக்கட்டை எங்களுக்குத் தெரியும் ஐயா, அந்த ஆள் யார் என்று சொல்லுங்கள் என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

கதை இதுதான். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு குடியிருப்பு. அங்கே காற்றுக்கு ரேஷன். குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் மூச்சுவிடக் காற்று வரும். ஒரு அம்மா, ஒரு சின்ன மகள். அப்பா விபத்தில் இறந்துவிட்டார். அவர்களோடு அந்த அங்கிளும் இருக்கிறார். இந்த ஆள் இந்த வீட்டில் எதற்கு இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கிறார்கள். விசாரிக்க ஆள் வருவதற்கு முன்பே அங்கிள் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு, காற்று குறைவாக இருக்கும் பம்பு அறைக்குக் குடிபோய்விடுகிறார். கடைசியில் அந்தச் சின்னப் பெண் பம்பு அறைக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிடுகிறாள். உள்ளே தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்கிறது. கதை முடிகிறது.

அம்மாவின் தம்பி என்றால் மாமா என்று எழுத வேண்டும். அக்கா வீட்டில் தம்பி இருக்கிறான், இதில் யார் என்ன சொல்ல இருக்கிறது? அக்கம்பக்கத்தார் ஏன் புகார் கொடுத்தார்கள் என்பதே நம் ஆட்களுக்குப் புரியாது. அப்பாவின் தம்பி என்றால் சித்தப்பா. புருசன் இல்லாத வீட்டில் கொழுந்தன் இருக்கிறான் என்றால், அது செவ்வாய்க் கிரகமானாலும் எங்கள் பொன்னமராவதியானாலும், முதல் பக்கத்திலேயே வாசகர் புகாரை எழுதி முடித்திருப்பார்.

எனக்கு ஏன் இதில் இத்தனை சூடு என்றால், எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்த இடத்தில் மாரடைப்பில் இறந்தபோது மகள் இரண்டாம் வகுப்பு. கணவரின் தம்பி அதே வீட்டில்தான் பிறந்து வளர்ந்தவர். பொன்னமராவதி கடைத்தெருவில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகளைப் பள்ளியில் விட்டது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது, சைக்கிள் பழக்கியது எல்லாம் அவர்தான். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணி என்பார். அவருக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு வீட்டில் நிச்சயம் வரைக்கும் வந்துவிட்டு, "மாப்பிள்ளை தனிக்குடித்தனம் வருவாரா?" என்று கேட்டார்கள். பிள்ளை பெரிதாகட்டும் என்றார். அதோடு போயிற்று.

பிள்ளை பெரிதாயிற்று. போன வருடம் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். ஊர் அதற்காகவே காத்திருந்திருக்கிறது. இத்தனை நாள் பிள்ளைக்காக இருந்தார், இனி எதற்கு என்று ஆரம்பித்துவிட்டது. என் மாமனாரின் தங்கை ஒருநாள் வந்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லல ஆத்தா. ஒங்க ரெண்டு பேரயும் எனக்குத் தெரியும். ஆனா நாலு பேரு அங்கிட்டும் இங்கிட்டும் பேசுறாங்கல்ல."

அந்த நாலு பேரை ஒருநாளாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரைக் கேட்டாலும் தாங்கள் இல்லை, வேறு நாலு பேர் என்கிறார்கள்.

தம்பி உள்ளே இருந்து இதைக் கேட்டிருக்கிறார். அந்த வாரமே சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு மேலே இருக்கும் அறைக்குப் போய்விட்டார். மின்விசிறி காற்றைத் தவிர வேறு காற்று இல்லாத அறை. "சீசன் வேல அண்ணி. ராத்திரியில மோட்டார் கொண்டாந்து எறக்குறாங்க" என்றார். இது நான் அந்தக் கதையைப் பாதி முடித்திருந்தபோது. செவ்வாய்க் கிரகத்துக்காரரைப் பார்த்துக் காப்பியடித்தது போல இவரும் கிளம்பியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீடு அவருடைய அப்பா கட்டியது. போக வேண்டும் என்றால் நான்தான் போக வேண்டும். அதைச் சொன்னால், "அது எப்படி அண்ணி" என்கிறார். எல்லாவற்றுக்கும் அது எப்படி அண்ணி. ஊர் சொன்னால் மட்டும் உடனே நடக்கும்.

எனக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும். அதை என்னவென்று சொல்வது என்று எனக்கே தெரியாது. தெரிந்த முறைப்பெயர்களில் அது அடங்கவில்லை. தினமும் மத்தியானத்துக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கட்டி ஆட்டோவில் கொடுத்துவிட்டேன், அவர் கழுவித் திருப்பி அனுப்பினார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆளுக்கு ஆட்டோவில் சோறு போகிறது. என்ன பிழைப்பு இது?

கோபத்தில் மருத்துவப் பெண்ணுக்குப் போன் செய்தேன். சீன மூலத்தைத் தேடிப் பார்த்து அந்த அங்கிள் யார் என்று சொல் என்றேன். மறுநாள் கூப்பிட்டாள்.

"பாத்துட்டேன் மிஸ். ஷூஷூன்னு இருக்கு. அப்படின்னா அப்பாவோட தம்பி. நம்ம சித்தப்பா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஆனா மிஸ், அங்க முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையக்கூட சின்னப் பிள்ளைங்க ஷூஷூன்னுதான் கூப்பிடும். எங்க ஹாஸ்டல் வாட்ச்மேனை நாங்களே அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால சொந்தமாவும் இருக்கலாம், சொந்தமே இல்லாமயும் இருக்கலாம்."

"அம்மாவோட தம்பியா இருக்குமா?"

"அதுக்கு வேற வார்த்தை மிஸ். கண்டிப்பா மாமா இல்ல."

ஆக, சித்தப்பா அல்லது யாரோ. யாரோ என்று தமிழில் ஒரு குழந்தை யாரையும் கூப்பிட முடியாது. சித்தப்பா என்றே எழுதினேன். கதைக்கு மேலே என் பெயர் வரும், ஊரில் யாராவது படிப்பார்கள், படித்தால் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் தெரிந்துதான் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறுமி தூரத்தில் நின்று கூப்பிடும் இடத்தில், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே, "சித்தப்போவ்" என்று போட்டேன்.

சிற்றிதழ் ஆசிரியர் போன் செய்தார். "கதை பிரமாதம் மேடம். ஒரே ஒரு சின்ன விசயம். மாமான்னு போட்டுருவமா? சித்தப்பான்னா வாசகருக்கு வேற மாதிரி தோணிரும்."

"வேற மாதிரின்னா எப்படிங்க?"

அவர் இருமினார். மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

இதழ் வந்தது. முதல் வரியிலிருந்து மாமா. மாமா வந்தார், மாமா போனார், மாமாவுக்கு மூச்சு வாங்கியது. செவ்வாய்க் கிரகம் முழுக்க மாமா. கடைசிப் பக்கத்தில் மட்டும் அந்தப் பெண் பம்பு அறைக்கு வெளியே நின்று, கதையிலேயே இல்லாத ஒருவரை, "சித்தப்போவ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் சித்தப்பாவை எல்லாம் மாற்றியிருக்கிறார். சித்தப்போவ் அதன் கண்ணில் படவில்லை. போனில் பிடித்துத் திட்டினேன். அவர் பாவம், "அந்த ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு மேடம், அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுர்றேன்" என்கிறார். திருத்தி அதையும் மாமா ஆக்கப்போகிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அன்று சாப்பாட்டுப் பையில் அந்த இதழையும் வைத்து அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன் என்று கேட்டால், யாராவது ஒருவர் என்னோடு சேர்ந்து எரிச்சல்பட வேண்டும் என்றுதான். கேரியர் திரும்பி வந்தது, இதழ் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாயந்திரம் நானே கடைக்குப் போனேன்.

அவர் தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டாரின் சொந்தக்காரர், பெரிய மீசை வைத்த ஒரு விவசாயி, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தெருவில் நல்ல கூட்டம்.

"படிச்சீங்களா தம்பி? கதைய எப்படிக் கொலை பண்ணியிருக்காருன்னு பாத்தீங்கள்ல?" என்றேன்.

"படிச்சேன் அண்ணி. மாமாவா சித்தப்பாவாங்கிறது எனக்குப் பெருசாத் தெரியல" என்றார், கம்பியை விடாமல். "கடைசில அந்தப் புள்ளதான போயி நின்னு கூப்பிடுது. அம்மா கூப்பிடவே இல்லையே. கதை முழுக்கத் தேடிப் பாத்தேன். அந்தம்மா அவர ஒரு எடத்துலகூடக் கூப்பிடல."

அவர் சொன்னது சரி. இங்கிலீஷில் அந்த அம்மா அவரிடம் இரண்டு இடத்தில் பேசுகிறாள், எதிலும் கூப்பிடும் சொல் கிடையாது. பிள்ளை வாயில் எந்தச் சொல்லை வைப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட நான் அந்தம்மாவைக் கவனிக்கவே இல்லை. வீட்டை விட்டு ஒருவர் போகும்போது அவள் அடுப்படியில் நின்றாள். நானும் அடுப்படியில்தான் நின்றேன். ஆட்டோவில் சோறு அனுப்பினேனே தவிர, வாருங்கள் என்று ஒரு தடவை சொன்னேனா?

அவர் தலையைக் குனிந்து மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தார். விவசாயி டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எதிர்க்கடையிலும் இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் வந்தது.

"வீட்டுக்கு வாங்க."

எப்போதும் முன்னால் தம்பி என்று ஒரு சொல் இருக்கும். அன்று அது வரவில்லை. நான் விட்டுவிட்டேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கம்பி சுற்றும் கை நின்றது. அது எப்படி அண்ணி என்பார் என்று காத்திருந்தேன்.

"வாரேன்" என்றார்.