அக்கா பெயரில் ஓர் ஊசி

சளிக்காய்ச்சல் எங்கள் லயத்து வீடுகளுக்குள் புகுந்து அக்காவைக் கொண்டுபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. மலாயாவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே எங்கள் ரப்பர் தோட்டம். காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதென்று, அவசரகாலம் என்று சொல்லி லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வெளியே போகிறவர்களின் சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் கேட்டில் பிரித்துப் பார்ப்பார்கள். காய்ச்சலை மட்டும் யாரும் நிறுத்திச் சோதிக்கவில்லை.

அன்று மதியம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து அக்கா சோறு தின்றுகொண்டிருந்தாள். அதே மஞ்சள் கவுன், இரட்டைச் சடை, அவளுடைய மங்குத் தட்டு. முதுகு மட்டும்தான் தெரிந்தது. அப்பா குழிக்குள் மண் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பினாள். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. மண்ணுக்குள் இருந்துவிட்டு வந்தால் அப்படித்தான் ஆகும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அக்கா வந்திருக்கா. யாரு கேட்டாலும் அக்கான்னுதான் சொல்லணும். வெளங்குதா?"

அன்று ஆபீஸ் முன்னால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தடுப்பூசி. வந்திருந்த மருந்து கொஞ்சம்தான் என்பதால் தோட்டத்துப் பட்டியலில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர், செத்தவர்கள் பேரை அடிக்க வேண்டியவர், எங்கள் கிராணி; அவரும் அதே காய்ச்சலில் படுத்துக்கிடந்தார். அதனால் காகிதத்தில் அக்கா இன்னும் உயிரோடு இருந்தாள். பட்டியலை வாசிக்க வேறு தோட்டத்துக் கிராணி வந்திருந்தார். எங்கள் முகம் எதுவும் அவருக்குத் தெரியாது.

நாங்கள் வரிசையில் போய் நின்றோம். அக்காவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்களும் குழி வெட்டிய மாமாவும் அங்கேதான் இருந்தார்கள். அவளைப் பார்த்தார்கள், உடனே வேறு எங்கோ பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் கிட்டே வந்து, ஒரு சடையை எடுத்து அவள் தோளுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனாள். அக்கா எப்போதும் அப்படித்தான் போட்டுக்கொள்வாள்.

கிராணி அக்கா பேரை வாசித்தார். அவள் அசையவில்லை. மறுபடியும் வாசித்தார். அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளிய பிறகுதான் போனாள். துப்பாக்கியோடு நின்ற காவலர் நிமிர்ந்து பார்த்தார். கிராணி என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா பாப்பா. பொய் சொல்லக் கூடாது. இது யாரு?"

"எங்க அக்கா."

நான் சொன்னதில் துளிப் பொய் இல்லை என்பது என் முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். கிராணிக்கும் தெரிந்தது. அவர் தலையாட்ட, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அவள் கையில் ஊசியைப் போட்டார்.

அக்காவாக வந்து நின்ற அந்தப் பெண்ணுடைய அப்பா துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குப் போனவர்; அதற்காகத் தாயையும் பிள்ளைகளையும் பக்கத்துத் தோட்டத்தில் பட்டியலிலிருந்து பேர் வெட்டி விரட்டியிருந்தார்கள். அவள் தம்பியைக் காய்ச்சல் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. பால்வெட்டு முடிந்து திரும்பிய பெண்கள் அவளைத் தங்களுக்கு நடுவில் மறைத்து முள்கம்பிக் கேட்டுக்குள் கூட்டிவந்தார்களாம். பிடிபட்டிருந்தால் அம்மா ஜெயிலுக்குப் போயிருப்பாள். இதையெல்லாம் எனக்குக் கலியாணமான பிறகுதான் அம்மா சொன்னாள்.

அன்றைக்கு எனக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். கிராணி கேட்டு நான் வாய் திறப்பதற்குள் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் நனைந்து காலோடு மூத்திரம் வழிந்தது. செத்துப்போனவள் எதற்காக என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?