முதல் கட்டம் வரைக்கும் கேரண்டி

"ஐயோ, போய்ட்டேன்!" என்று தாண்டவராயன் கத்துகிறார். குழியில் விழுந்தது அவர் கையிலுள்ள வீடியோ கேமுக்குள் ஓடுகிற குள்ளன்தான். ஆனாலும் நெற்றியைத் துடைத்துக்கொள்வது இவர். துடைத்த கையோடு பெட்டியை வாடிக்கையாளரிடம் நீட்டுகிறார். "பாத்தீங்கல்ல? குழி வரைக்கும் ஜம்முனு ஓடுது. எடுத்துக்கினு போங்க."

குழி என்பது முதல் கட்டத்தின் நடுவில் வருகிற இரண்டாவது குழி. அதைத் தாண்டி அவர் போனதே இல்லை. திண்டிவனத்தில் வீடியோ கேம் ரிப்பேர் செய்ய அவரை விட்டால் ஆளில்லை. அதை விளையாட அவரைவிட மோசமான ஆளும் இல்லை. தன் கண்ணால் பார்க்காததற்குப் பொறுப்பேற்க மாட்டார் என்பதால் அவருடைய கேரண்டியும் முதல் கட்டத்தோடு சரி. "அதுக்கு மேல நடக்கறது உங்க பாடு, சாமி பாடு" என்பார்.

கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அவர் குனிந்தே உள்ளே போய்க் குனிந்தே வெளியே வருவார். மற்றவர்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். இடித்த சத்தம் கேட்ட பிறகு, "தல பத்திரம் சார்" என்பார். என் ரேடியோவுக்காக நான் ஏழு தடவை போய் ஏழு தடவையும் இடித்துக்கொண்டேன். ஒரு தடவையாவது முன்கூட்டிச் சொன்னாரா மனுஷர்?

எதைப் பிரித்து மாட்டினாலும் இரண்டு திருகாணியாவது மிஞ்சும். வேறொருவராக இருந்தால் நமக்குத் தெரியாமல் சட்டைப்பைக்குள் தள்ளிவிடுவார். இவர் பெருமையோடு உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "கம்பெனிக்காரன் தேவையில்லாம வெச்சது. இல்லாமயே ஓடுதுல்ல, அப்புறம் இன்னா?"

கடைக்குள் எப்போதும் கல்யாண வீட்டு வாசனை. கோட்டக்குப்பத்து ஆட்கள் வளைகுடாவிலிருந்து கொண்டுவரும் சென்ட் பாட்டில்களில் ஸ்பிரிட் கலந்தவற்றை, மார்க்கத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் தொடமாட்டார்கள். அவையெல்லாம் ரிப்பேர் சாமான்களோடு இவரிடம் வந்து சேர்ந்துவிடும். கடற்காற்றில் களிம்பேறிய கேம் கேசட்டுகளின் பித்தளைக் கால்களை இவர் அந்த சென்ட்டில் பஞ்சை நனைத்துத் துடைப்பார். களிம்பு போய்விடும், வாசனை போக ஒரு மாதமாகும். யாராவது கேசட்டை வாயால் ஊதிவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எச்சிலப் பூசாதய்யா! அது இன்னா புல்லாங்குழலா?"

இன்னொன்றும் சொல்லவேண்டும். "முடியாது" என்ற சொல்லை இருபது வருடத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. "வெச்சிட்டுப் போங்க" என்பார். அந்த இரண்டு சொல்லை நம்பிச் சாமான்கள் வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லமாட்டார்.

போன வருடம், தொண்ணூற்றாறு மே மாதம், கோட்டக்குப்பம் ஷம்சுதீன் வந்தார். வழக்கப்படி தலையை இடித்துக்கொண்டார். குவைத்தில் குடோன் வேலை. ஒரே அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை ஒருநாள் விடுமுறை. அந்த ஒருநாளைத் தள்ளுவதற்குத்தான் அந்தக் கையடக்க விளையாட்டுப் பெட்டியை வாங்கியிருந்தார். கூடவே ஒரு டிவி டப்பி. கேசட் சொருகுகிற வாயில் கேசட்டுக்குப் பதில் இந்த டப்பியைச் சொருகினால் பெட்டி டிவி ஆகிவிடும். பிடுங்கிப் பிடுங்கி மாற்றியதில் வாய் தளர்ந்துபோய், டப்பி மட்டும் பிடித்தது, கேசட் பிடிக்கவில்லை.

"டிவி இல்லாட்டியும் பரவால்ல அண்ணே, விளையாட்டு வேணும். வெள்ளிக்கிழமைல செவுத்தயா பாத்துக்கினு உக்காந்திருக்கறது? வியாழக்கிழமை மெட்ராஸ்ல ப்ளேனு."

"ரெண்டும் வேணும் பாய் உங்களுக்கு. வெச்சிட்டுப் போங்க" என்றார் தாண்டவராயன்.

அவர் போட்ட திட்டத்தைக் கேட்டு, ரேடியோவுக்காகக் காத்திருந்த நானே அசந்துபோனேன். டப்பியைப் பெட்டியோடு ஒரேயடியாகப் பற்றவைத்துவிட்டு, அதன் முதுகை அறுத்துக் கேசட்டுக்கு அங்கே புது வாய் வைப்பது. டிவிக்கும் விளையாட்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச். கேசட்டுக்கு நாற்பத்தைந்து கால். கையில் கிடைத்த பழைய கம்ப்யூட்டர் பட்டைக் கம்பியில் இருந்ததோ நாற்பது இழை. மனுஷர் சளைத்தாரா? ஒவ்வொரு காலாக விட்டுவிட்டுக் குள்ளனை ஓட்டிப் பார்த்தார். ஐந்து கால் இல்லாமலேயே குள்ளன் குழி வரைக்கும் ஓடினான். "அஞ்சும் சும்மா சார். அழகுக்கு வெச்சிருக்கான்" என்று டப்பியை மூடிவிட்டார்.

ஷம்சுதீன் வாங்கிப்போனார். திங்கட்கிழமை திரும்பி வந்தார்.

"நாலாவது கட்டத்துல அப்படியே நின்னுடுதுண்ணே."

"நாலாவதா? நம்ம கேரண்டி..." என்று ஆரம்பித்தார் தாண்டவராயன்.

"தெரியும்ணே. உங்களால முடியலன்னா வுட்டுடுங்க. பரவால்ல."

ஷம்சுதீன் அதை மரியாதையாகத்தான் சொன்னார். தாண்டவராயன் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. வேகமாகப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வியாழக்கிழமை போற வழியில வாங்கிக்கினு போங்க" என்றார்.

கோளாறு தெரிவது நாலாவது கட்டத்தில். நாலாவது கட்டம் போக மெக்கானிக்குக்குக் கை வரவேண்டுமே! செவ்வாய் முழுக்கக் குழியில் விழுந்தார். பட்டன் சரியில்லை என்றார், வெளிச்சம் போதவில்லை என்றார். கடை வாசலில் கூடையை வைத்து வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இப்பிடிக் குடுய்யா!"

அவளும் முதலில் குழியில்தான் விழுந்தாள். மூன்று தடவை. நாலாவது தடவை தாண்டினாள். முப்பது வருடமாக மல்லாட்டை உரித்த கட்டைவிரல்கள், பட்டன் எம்மாத்திரம்? பஸ் வராத நேரமெல்லாம் விளையாடி, புதன்கிழமை மதியம் நாலாவது கட்டத்தில் காலை வைத்தாள். குள்ளன் அந்தரத்தில் நின்றுவிட்டான்.

தாண்டவராயன் திரையைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "அந்த அஞ்சு காலு" என்றார். "பின்னாடி கட்டமெல்லாம் அது வழியாத்தான் வருது. புஸ்தகத்துல பின்பக்கத்த ஒட்டிட்ட மாதிரி பண்ணிட்டேன் சார். முன்பக்கம் படிக்கற வரைக்கும் தெரியாது."

தன் தப்பை அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றுதான். வெறுமனே ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், மிஞ்சின ஐந்து காலுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்துப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார்.

வியாழன் பதினொரு மணிக்கு ராஜாமணி புதிதாக ஆட ஆரம்பித்தாள். நாலாவது கட்டம் வந்தது. குள்ளன் நிற்கவில்லை. நான் கைதட்டிவிட்டேன். தாண்டவராயன் தட்டவில்லை. "நாலு தாண்டிட்டா ஆச்சா? எட்டு இருக்குதாம். கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

ஐந்தாவதில் அவள் இருக்கும்போது ஷம்சுதீனின் வேன் வந்து நின்றது. உள்ளே அவர் தாயார், மனைவி, மைத்துனர், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். டிரைவர் ஆரனை அழுத்தினான்.

"அண்ணே, ஓடுதுல்ல? குடுங்க, ஜல்தி! ப்ளேனு போய்டும்!"

"அங்க போய் நின்னுட்டா யாருகிட்டப் போவீங்க? வெள்ளிக்கிழமை இன்னா பண்ணுவீங்க? பத்து நிமிஷம் பாய்" என்றார் தாண்டவராயன். குரலில் கெஞ்சல் இருந்தது. ஷம்சுதீன் வேனுக்குப் போய் டிரைவரின் கையை ஆரனிலிருந்து எடுத்துவிட்டு வந்து நின்றுகொண்டார்.

ஏழாவது கட்டம். அந்த நேரம் பார்த்து விழுப்புரம் பஸ் எதிரே ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. ராஜாமணியின் தலை தானாக நிமிர்ந்தது. குள்ளன் குழி விளிம்பில் ஒற்றைக்காலில் தள்ளாடினான்.

"பஸ்ஸப் பாக்காதக்கா!" என்று அலறினார் தாண்டவராயன்.

"என் யாவாரத்த உங்கப்பனா பாப்பான்? கூடை நெறையக் கெடக்குது!"

தாண்டவராயன் பஸ்ஸைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், ஷம்சுதீனைப் பார்த்தார். ஈயம் சுட்ட விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார். ஊரே மெக்கானிக் என்று கும்பிடுகிற மனுஷர், ஜன்னல் ஜன்னலாக வாய் திறக்காமல், திருடனைப் போலக் கூடையோடு நடந்தார். ஒருத்தரும் வாங்கவில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ராஜாமணி கத்தினாள்: "வாயத் தொறந்து கூவுய்யா!"

தாண்டவராயன் ஒரு முறை கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மல்லாட்டே! வேகவெச்ச மல்லாட்டே!"