கண் உருளும் நேரம்

அம்மா கோபித்துக்கொண்டு திருவாதவூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எப்போது வருவாள் என்று கேட்டால், அப்பா தட்டைக் கழுவ எழுந்துவிடுவார். அவர் திருநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரவுக் காவல். பகலில் தூங்க வேண்டியவர், அம்மா போனதிலிருந்து பாயில் புரண்டுகொண்டே கிடந்தார். வேலையில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்து ஏச்சு வாங்கியதாகவும் கேள்வி.

எங்களோடு இருந்த சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

"தூங்குறவனுக்கு எமைக்குள்ள கண்ணு உருளும்டா. அப்பக் கால் கட்டவெரலப் புடிச்சிக் கேளு. உள்ளதச் சொல்லிருவான்" என்றார்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஒருவழியாகக் குறட்டை விட்டார். பொறுக்காமல் விரலைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். எழுந்து உட்கார்ந்து, என்னை வெறித்துப் பார்த்து, "தொறக்குறேன் சார், ஹாரன் அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்தார்.

"கொறட்டையில கேட்டா வாட்ச்மேன்தான்டா பேசுவான், அவசரக் குடுக்க" என்று சித்தப்பா சிரித்தார்.

மறுநாள் பொறுமையாக உட்கார்ந்தேன். குறட்டை வந்தது, அடங்கியது. மூச்சு சீர் தப்பியது. இமைக்குள் கோலிக்குண்டுபோல் கண்கள் ஓடத் தொடங்கின. விரலைப் பிடித்தேன்.

"அம்மாவக் கூட்டியார எப்பப்பா போவ?"

கண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திரும்பக் கேட்டேன். கண்கள் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டன. அடுத்த முறை கேட்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குப் போறேன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சொன்னபடியே வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் திருவாதவூருக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் அம்மா பையோடு வந்து இறங்கினாள். அவள் கொண்டுவந்த அதிரசத்தில் என் பங்கைச் சித்தப்பா வித்தைக்குக் கூலியாக எடுத்துக்கொண்டார். அப்பா வேலைக்குக் கிளம்பும்வரை தூங்கினார். குறட்டை தெருவரைக்கும் கேட்டது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நர்சிங் இரண்டாம் ஆண்டில் தூக்கத்தைப் பற்றி ஒரு பாடம் வந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் ஆள் உளறுவான். கண் உருளும் கட்டத்தில் கனவுகள் மிகுதி. பட்ட துக்கத்தை மனசு ஆற்றிக்கொள்வதும் அப்போதுதானாம். ஆனால் அந்நேரம் உடம்பு கட்டிப்போட்டதுபோல் துவண்டு கிடக்கும். கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வாய் எழும்பாது.

அப்படியானால் கண்கள் நின்றபோதே அப்பா விழித்துவிட்டிருக்கிறார். கண்ணைத் திறந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல அவரால் முடியாது என்பது, விரலைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.