லோ கியரும் இடது முட்டும்

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கேயோ ஒரு நட்டு தளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், கரும்பலகை எங்கே என்று தேடுவான். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி தன் உப்பளத்து டிராக்டரைப் பார்த்துச் சொல்லும்படி கூப்பிட்டான்.

அளம் தூத்துக்குடிக்குத் தெற்கே, காயல்பட்டினம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. டிராக்டர் எங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் முந்தியது. உப்புக்காற்று தின்றதுபோக மிஞ்சியதற்கு வருஷாவருஷம் சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். பாத்தியில் வாரிய உப்பை டிரெய்லரில் ஏற்றி, ஒரு சரிவில் மேலே இழுத்துப்போய்க் கொட்ட வேண்டும். அதற்கு இருந்த வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சரிவு பொல்லாதது.

அதற்காகவே பெரிய கியர் லீவருக்கு இடப்பக்கம் ஒரு குட்டி லீவர் உண்டு. ஒரு பக்கம் ஹை, ஒரு பக்கம் லோ, நடுவில் நியூட்ரல். லோவில் போட்டால் எல்லாக் கியரும் இன்னொரு முறை குறைந்து, சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவை கூடும். குட்டி லீவர் நடுவில் வந்துவிட்டாலோ பெரிய லீவர் எதில் இருந்தும் பிரயோஜனம் இல்லை, சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். இதை எத்தனையோ வகுப்புகளுக்கு, எத்தனையோ கொட்டாவிகளுக்கு நடுவே, நான் விளக்கியிருக்கிறேன்.

டிரைவர் தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டைக்காரர். என் வயதுதான் இருக்கும். இருபத்து மூன்று வருஷமாக அந்த வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். புகாரும் அவருடையதுதான்.

"சார், லோ நிக்க மாட்டேங்கு. முட்டு வலி உசுரு போவுது" என்றார்.

மைத்துனன் என்னைத் தனியே இழுத்தான். "அத்தான், கியர் பெட்டியப் பிரிச்சா வண்டி பத்து நாளு படுத்துக்கிடும். இப்ப சீசன். இவரு நெசமாச் சொல்லுதாரா, வேல செய்யச் சோம்பிக்கிட்டுச் சொல்லுதாரான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். பொய்யின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

ஆக, ஒரு மனிதரின் வேலை என் பேனா முனைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அது பயமாக இருந்திருக்க வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது.

நான் நோட்டில் கோடு போட்டு இரண்டு கட்டம் பிரித்தேன். ஒரு மூச்சில் அவர் சொன்னதில் 'லோ நிக்க மாட்டேங்கு' என்பது முதல் கட்டம், இயந்திரம். 'முட்டு வலி' என்பது இரண்டாவது கட்டம், வைத்தியம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, முறைப்படிதான் போக வேண்டும் என்று மைத்துனனுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

பின்சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். டயரில் சாக்பீஸால் கோடு போட்டேன். எஞ்சினை ஒரே ஓட்டத்தில் வைத்து, முதலில் ஹை, பிறகு லோ. நான் ஒரு பக்கம், மைத்துனன் மறுபக்கம், சுற்று எண்ணிச் சராசரி பார்த்தோம். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்த விகிதம் அச்சு அசலாக வந்தது. கண்ணில் தண்ணீர் வராத குறை. கியர் ஆயிலை இறக்கிக் காந்தத்தால் துழாவினேன். கொஞ்சம் இரும்புத் தூள் ஒட்டியது. 'வயதுக்கு உரிய தேய்மானம்' என்று எழுதினேன். என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் டாக்டர் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தார்.

கடைசியாகப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் குட்டி லீவரின் தலையில் பழைய சைக்கிள் டியூபை மடித்து மடித்துச் சுற்றியிருந்ததைப் பார்த்தேன்.

"இது என்னது?"

"மெத்துன்னு இருக்கும்னு கட்டுனேன் சார்."

"சோதனைக்கு எடுத்தாகணும். லீவர் கம்பெனி கொடுத்தபடி இருக்கணும்லா?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். டியூபை அவிழ்த்து டிரெய்லர் ஓரத்தில் போட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, உப்புப் பாரத்தோடு சரிவில் வண்டியை ஏற்றினார். நான் செல்போன் கடிகாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு கூடவே நடந்தேன். லோ நழுவவே இல்லை. மூன்று தரம் ஏற்றச் சொன்னேன், மூன்று தரமும் நழுவவில்லை. இறங்கும்போது அவர் காலை விந்தினார். இரண்டாவது கட்டத்தில், 'நடைப்பயிற்சி தேவை' என்று குறித்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டை லேமினேட் செய்து ஷெட்டில் மாட்டினோம். 'லோ கியர் நலம். லீவரில் இருந்த தேவையற்ற ரப்பர் அகற்றப்பட்டது. டிரைவரின் முட்டு வலிக்கும் வண்டிக்கும் தொடர்பில்லை.' அவர் நின்று முழுதும் வாசித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. வேறு டிரைவரும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, விஷயம் தெரிந்தவன் நான் இருக்கிறேனே என்று ஏறி உட்கார்ந்தேன். உப்பு அள்ளிப்போட்ட பெண்களில் ஒருத்தி மற்றவர்களிடம், "ஏளா, சாரு ஓட்டுதாரு. தள்ளி நில்லுங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பாதிச் சரிவில் டக்கென்று ஒரு சத்தம். குட்டி லீவர் நடுவுக்கு வந்து நின்றது. எஞ்சின் அலறியது, வண்டியோ பின்னால் உருள ஆரம்பித்தது. டிராக்டரில் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து மிதிக்க வேண்டும் என்று நான் பரீட்சையில் கேள்வியே கேட்டிருக்கிறேன். ஒன்றைத்தான் மிதித்தேன். வண்டி ஒருபக்கமாகத் திரும்பி, டிரெய்லர் பாத்திக்குள் இறங்கிச் சாய்ந்தது. வாரிய உப்பெல்லாம் வந்த தண்ணீருக்கே திரும்பிப் போயிற்று. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பெண்கள் அத்தனை பேரும் ஏற்கெனவே தள்ளித்தானே நின்றார்கள்.

அதே பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "அவரு கால் முட்ட வச்சு அந்தக் குட்டி லீவர அமுக்கிக்கிட்டுல்லா ஏறுவாரு சார். ஒங்களுக்குத் தெரியாதா?"

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். அந்த லீவரு எளகுனதுல இருந்து."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க வண்டியத்தான சார் சோதிச்சிய?"

அப்போதுதான் உறைத்தது. மூன்று தரமும் சரிவில் லோ கியரைப் பிடித்து நிறுத்தியது அவருடைய முட்டு. முழுப் பாரத்தோடு, பக்கத்தில் நான் நடந்துவரும்போது அவர் எப்படி அதை விடுவார்? அதற்கு இருந்த ஒரே மெத்தையையும் அவிழ்க்கச் சொன்னவன் நான். அவர் ஒன்றைத்தான் சொன்னார், நான்தான் இரண்டாகக் கிழித்தேன். அத்தனை பேர் முன்னால் சேற்றில் நின்றது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மூன்று தரத்தை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

அன்று மத்தியானமே பைக்கை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து முட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். முட்டின் உட்பக்கத்தில் லீவர் தலை அளவுக்கு வட்டமாக, கறுத்துக் காய்ப்பேறிய ஒரு இடம். அவர் பக்கத்திலேயே நின்று சோதனை செய்தவன் அதை அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, தப்பு என்மேலதான். வந்துருங்க" என்றேன். அதுவரை அவரை 'டிரைவர்' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"மொதல்ல பெட்டியப் பிரிக்கச் சொல்லுங்க. பொறவு வாரேன்."

பிரித்தார்கள். லோ கியரின் பல் ஓரமெல்லாம் மழுங்கி வழவழவென்று இருந்தது. லீவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய சின்ன ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தது. பல் மழுங்கினாலும் எண்ணிக்கை குறையாதே, அதனால்தான் ஜாக்கியில் என் விகிதம் அவ்வளவு அழகாக வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை நானே ஆணியிலிருந்து கழற்றினேன்.

அந்தப் பழைய மாடலுக்குப் பொருந்தும் பாகங்களைத் தேடி மாட்டியதும் அவர் வந்தார். முழுப் பாரத்தோடு, எனக்குத் தெரியவேண்டும் என்றே இடது காலை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு சரிவில் ஏறினார். லீவர் அசையவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். மைத்துனன், "அத்தான், புது ரிப்போர்ட் எழுதுங்க" என்றான்.

மேலே வண்டியை நிறுத்திவிட்டு அவர் என்னை நோக்கி நடந்து வந்தார். கால் அப்போதும் விந்தியது.

"வண்டி சரியாயிட்டு சார்" என்றார். பிறகு காலைக் காட்டி, "இத எந்தக் கட்டத்துல எழுதுவிய?" என்று கேட்டார்.

நான் பேனாவைத் திறக்கவில்லை.