விமானத் திடலில் அப்பா தடுத்த கார்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலர் அவர்களை பஸ் பட்டறை மெக்கானிக்காக மட்டுமே அறிவீர்கள். விமானத் திடலில் அவர்கள் செய்ததை மூத்த மகளாகிய நான் எழுதிவைக்க விரும்புகிறேன்.

கீரமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அப்பா, இளமையிலேயே தந்தையை இழந்து, புதுக்கோட்டைக்கு வந்து தொழில் கற்றார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த ஆண்டில் ஒரு பஸ் முதலாளியிடம் சேர்ந்தார்கள்.

விராலிமலைப் பக்கம் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. விமானத் திடல் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் அதில் கடலை காயவைத்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் முதலாளியும் அவருடைய நண்பர்களும் அங்கே கார்ப் பந்தயம் தொடங்கினார்கள். ஓடுதளத்தில் நேராக விரட்டி, கோடியில் திரும்பி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றி வரவேண்டும். தடுப்பு கிடையாது. ஜனங்கள் தார் ஓரத்திலேயே நின்றார்கள்.

முதல் பந்தயத்தன்று முதலாளியின் காரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. அப்பா அதை அவரிடம் சொன்னார்கள்.

"ஒரு நாளைக்குத் தாங்கும்ப்பா" என்றார் முதலாளி.

அப்பா அதற்குமேல் பேசவில்லை. திருப்பத்தில் கார் நிற்காமல் கூட்டத்துக்குள் புகுந்தது. வீரையா என்ற விவசாயியின் கால் முறிந்தது.

இனிப் பந்தயமே கூடாதென்று ஊரார் வீரையாவின் வீட்டில் கூடிப் பேசியபோது, அப்பா நடுவில் போய் நின்றார்கள்.

"பிரேக் பிடிக்கலன்னு எனக்குத் தெரியும்ண்ணே. ஒரு தடவ சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

கட்டிலில் கிடந்த வீரையா கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப இனிமே எல்லா வண்டியவும் நீ பாரு. நீ சரின்னாத்தான் ஓடணும். நம்ம சனங்களும் பாக்க ஆசப்படுறாக" என்றார்.

ஊரார் திருப்பத்தில் மண்கரை எழுப்பினார்கள். அப்பாவும் மண் சுமந்தார்கள். பந்தயக்காரர்களும் நிபந்தனையை ஏற்றார்கள்.

மறு ஆண்டு சோதனைக்கு முதலில் வந்தது முதலாளியின் புதிய கார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

"இது இன்னைக்கு ஓடாதுங்க. முன் சக்கரத்துல பிரேக் ஆயில் ஒழுகுது."

"யாருகிட்ட வேலை பாக்குறன்னு நெனப்பு இருக்கா?"

"இருக்குங்க. ஆனா இந்த வண்டி ஓடாதுங்க."

அப்பா காருக்கு முன்னால் போய் நின்றதைக் கரையிலிருந்து பார்த்ததாக அம்மா சொல்வார்கள். முதலாளி காரை ஓரங்கட்டினார். அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவுக்கு வேலை போயிற்று.

அம்மா இட்லிக் கடை போட்டு ஆறு மாதம் எங்களைக் காப்பாற்றினார்கள். ஒரு காலையில் முதலாளியே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"என் பஸ்ஸுலயும் சனங்கதானே போறாக. நீயே வந்து பாருப்பா" என்றார். அன்றிலிருந்து பட்டறைப் பொறுப்பு முழுவதும் அப்பாவிடம் வந்தது.

பந்தயமும் வளர்ந்தது. தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. அப்பா சரி சொல்லாமல் ஒன்றும் ஓடியதில்லை. நெஞ்சுவலியால் படுத்திருந்த கடைசி நாட்களிலும், "மழைக்குக் கரை கரைஞ்சிருக்கும், போய்ப் பாக்கச் சொல்லும்மா" என்றார்கள். ஊரார் கரையைச் செப்பனிட்டுவிட்டார்கள். இந்த ஆண்டும் பந்தயம் உண்டு.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், உடனிருந்த உறவினர்களுக்கும், நேரில் வந்து ஆறுதல் சொன்ன முதலாளிக்கும் எங்கள் நன்றி. முறிந்து கூடிய காலைத் தாங்கித் தாங்கி வைத்து, மயானம் வரை தோள் மாற்றாமல் அப்பாவைச் சுமந்துவந்த வீரையா பெரியப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.